கண்ணாடியில் குடியேறிய போர் தண்ணீர்

இருட்டிய பிறகு திருமயத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வண்டி ஓட்டி வருகிறவர்களில் பலர், எதிரே லாரி வந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார்கள். கண்ணில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். கோளாறு முன் கண்ணாடியில் இருக்கிறது. பகலில் கண்ணுக்கே படாத வெள்ளைப் புள்ளிகள், எதிர் வண்டி வெளிச்சம் விழுந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பற்றிக்கொள்ளும். சாலையோரம் மாடு நிற்கிறதா, ஆள் நடக்கிறாரா என்று ஒரு நொடி தெரியாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பதிவு. வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்.

வாட்டர் சர்வீஸ் கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கடைத் தம்பி சொன்னது இது: "அண்ணே, ஃபோம் போட்டாச்சு, ஷாம்பு போட்டாச்சு, ரெண்டு தடவ அடிச்சாச்சு. அழுக்கு பூரா போயிருச்சு. இது அழுக்கு இல்லண்ணே, நம்ம ஊரு தண்ணியே இதான்." ஆளை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னாரோ என்னவோ, சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். அதனால்தான் ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்தார்கள். சமஸ்தான காலத்தில், 1878-ல் திவானாக வந்த சேஷய்ய சாஸ்திரி நகரத்தைச் சீரமைத்தபோது குளங்களைத் தூர்வாரிச் சுத்தப்படுத்தியதையும் ஒரு பெரிய வேலையாகவே செய்தார். அந்தத் தண்ணீர் மேலே விழுந்து அப்படியே ஓடி வந்து தேங்கிய மழை. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்த தண்ணீர் கிடையாது. அதில் பருப்பு வெந்தது, சோப்பு நுரைத்தது. லாரியையும் டெம்போவையும் குளத்துக்குள் இறக்கிக் கழுவிய காலத்தில் கண்ணாடிப் புள்ளி பற்றி எந்த டிரைவரும் புலம்பிக் கேட்டதில்லை. அதை மறுபடி ஆரம்பியுங்கள் என்று சொல்ல வரவில்லை. டீசலும் கிரீஸும் மிதக்கிற குளத்தில் அப்புறம் யார் குளிப்பது?

இப்போது எல்லாம் போர் தண்ணீர். குழாயில் முறை வைத்து வருகிற காவிரித் தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது. மாவட்டத்தின் மேற்கே குளத்தூர், இலுப்பூர், விராலிமலை, திருமயம் பக்கம் முழுக்கப் பாறைப் பூமி. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் மேலே தெரிகிற பாறைதான் கீழேயும் ஓடுகிறது. அந்த வெடிப்புகளில் தங்கியிருக்கிற தண்ணீரைத்தான் மோட்டார் போட்டு எடுக்கிறோம். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டைப் பக்கம் மணற்கல்லும் செம்மண்ணும் வண்டலும். அங்கே கதை கொஞ்சம் வேறு. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளிப் போனாலே தண்ணீரின் ருசி மாறுகிறதே, கறையும் அப்படித்தான் மாறும்.

நடப்பது இதுதான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போகிறது. புளித்த தண்ணீர் வழியில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியில் தெளித்து வெயில் பட்டதும் வாயு கழன்றுகொள்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, மிஞ்சுவது கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக் கல். தண்ணீர் சுடவைக்கிற ஹீட்டர் கம்பியில் பொருக்குப் பொருக்காக ஏறுவதும் இதே சரக்குதான்.

எவ்வளவு கல் என்று ஒரு கணக்குப் போடலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கிற அளவு (ஐஎஸ் 10500, 2012): கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 உள்ள தண்ணீரில் 15 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பினால், அதில் 9 கிராம் கல் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்கவே அனுமதி உள்ள தண்ணீர் அது. பெரும்பகுதி வழிந்து போய்விடும் என்றாலும், வழியாமல் முத்து முத்தாக நிற்கிற துளிகள் தங்கள் பங்கை அங்கேயே வைத்துவிட்டுத்தான் போகும்.

ஒரு புள்ளியைக் கிட்டத்தில் பாருங்கள். முழு வட்டமாக வெள்ளை இருக்காது. நடுவில் மெல்லிசாக, ஓரத்தில் மட்டும் தடித்த வளையமாக இருக்கும். நகத்தால் வருடினால் அந்த ஓரம் தட்டுப்படும். துளி காயும்போது ஓரம் முதலில் காய்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளே இருக்கிற தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, தன்னிடம் இருப்பதையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. காபிக் கறை ஏன் வளையமாகவே விழுகிறது என்று ஆராய்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1997-ல் நேச்சர் இதழில் எழுதிய விளக்கம் இது. நமக்கு இதில் உள்ள பயன் ஒன்றுதான். எந்த வைத்தியம் செய்தாலும் நடு சீக்கிரம் போகும், ஓரம் அடம் பிடிக்கும். பாதி போனதும் கையை எடுத்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி பக்கம் கடற்கரையில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கும் கண்ணாடியில் வெள்ளை படியும். அது கடல் உப்பு. இரண்டு குவளை தண்ணீர் ஊற்றினால் கரைந்து ஓடிவிடும். போர் தண்ணீர் விட்டுப்போகிற சுண்ணாம்பு, குடம் குடமாக ஊற்றினாலும் கரையாது. அதிலும் ஊற்றுவது அதே போர் தண்ணீராக இருந்தால் மேலும் ஒரு பூச்சு ஏறும். சோப்பும் ஷாம்பும் எண்ணெய்ப் பிசுக்குக்குத்தான், கல்லுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது.

கல்லைக் கரைக்க அமிலம் வேண்டும். பயப்பட வேண்டாம், சமையலறை அமிலமே போதும். மளிகைக் கடையில் விற்கிற வெள்ளை வினிகர், எலுமிச்சைச் சாறு, அல்லது எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட். என் ஓட்டு எலுமிச்சை உப்புக்குத்தான். மலிவு, வாடை இல்லை. ஒரு டீஸ்பூனை ஒரு சின்ன டம்ளர் தண்ணீரில் கரைத்தால் தேவையான புளிப்பு வந்துவிடும்.

புளியைப் பற்றிக் கேட்பீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற கைக்கு அந்த யோசனை வருவது நியாயம்தான். புளியிலும் அமிலம் இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் கோதும் பிசுபிசுப்பும் கண்ணாடி ரப்பர் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு எறும்பைக் கூப்பிடும். திருநீறு போட்டுத் துடைக்கச் சொல்கிற பெரியவர்களும் உண்டு. லாந்தர் சிம்னியில் புகைக்கரியை எடுக்க அது நல்ல சாமான். சுண்ணாம்புக் கறைக்கு அது பொருந்தாது. சாம்பல் காரத் தன்மை உடையது, கல்லைக் கரைக்காது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பற்பசையும் ஏறக்குறைய அதே கதைதான். கைப்பிடிக் கண்ணாடியில் நாலு புள்ளி என்றால் பார்க்கலாம்.

வேலையை ஆரம்பிக்கும் முன்பு வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. சூடான கண்ணாடியில் அமிலம் வேலை செய்யும் முன்பே காய்ந்துவிடும். எலுமிச்சை உப்பு காய்ந்தால் கால்சியத்தோடு சேர்ந்து தானே இன்னொரு வெள்ளைப் படலமாக உட்காரும். ஒரு கறைக்கு இரண்டு கறை ஆகிவிடும்.

அதற்கும் முன்னால் தூசியைக் கழுவியாக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல் குவாரியும் கிரஷரும் உள்ள சாலைகளில் தினமும் போய் வருகிற வண்டிகள் நம்முடையவை. கிரஷர் தூளில் குவார்ட்ஸ் இருக்கும். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5, நாம் எடுக்கப் போராடுகிற சுண்ணாம்புக்கோ வெறும் 3. தூசியைக் கழுவாமல் துணியை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு போவதற்கு முன் கண்ணாடியில் கோடு விழும். சுண்ணாம்பைக் கரைத்துவிடலாம், கோட்டை என்ன செய்வது? காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட விடுகிறவர்களும் தினமும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

கழுவியாயிற்று. இப்போது டிஷ்யூ பேப்பரையோ பழைய பனியன் துணியையோ கரைசலில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் அமிலத்துக்கு நேரமே கிடைக்காது. ஒட்டி வைத்தால் ஐந்து முதல் பத்து நிமிஷம் அது உட்கார்ந்து வேலை பார்க்கும். நடுவில் காயத் தொடங்கினால் மேலும் கொஞ்சம் தெளியுங்கள். கீழே பானெட்டிலும் கதவு பெயின்டிலும் வழியாமல் இருக்க ஒரு ஈரத் துண்டைப் போட்டு வையுங்கள். குரோமியப் பட்டைக்கும் அலுமினியத்துக்கும் அமிலம் ஆகாது. பிறகு துணியை எடுத்து லேசாகத் தேய்த்து, தாராளமாகக் கழுவி, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். வளையத்தின் ஓரம் மிச்சம் இருந்தால் மறுபடி ஒட்டுங்கள். பலம் தேவையில்லை, பொறுமை போதும். பலத்தைக் காட்ட ஆசைப்பட்டுப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை எடுத்துவிடாதீர்கள். நாலு சைபர் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் உல் என்று ஒன்று இருக்கிறது, வெறும் கண்ணாடியில் ஈரமாக வைத்துத் தேய்க்கலாம். அது வேறு, சந்தையில் கிடைக்கிற கம்பிச் சுருள் வேறு. ஹெல்மெட் வைசர், ஹெட்லைட் மூடி, ஃபிலிம் ஒட்டிய பக்கம், மழைநீர் வழுக்கப் பூசிய கோட்டிங் இவற்றில் அந்த மெல்லியதும் கூடாது. வைசருக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

கழிப்பறை ஆசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "கொஞ்சமா தொட்டுத் தடவினா ஒரே நிமிஷத்துல போயிரும்" என்று சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். போகத்தான் செய்யும். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணாடியைத் தாண்டி வைப்பர் கை, திருகு, பெயின்ட் விளிம்பு என்று எங்கெல்லாம் வழிகிறதோ அங்கெல்லாம் துருவுக்கு வழி வைத்துவிட்டுப் போகும். அதே வாளியில் பிளீச்சிங் பவுடர் ஏதாவது கிடந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது மூச்சைப் பிடிக்கும். துருக்கறை நீக்கி என்று விற்கிற சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே தின்னும், தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் புள்ளி அசையவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். சல்பேட்டும் சிலிக்காவும் கலந்த தண்ணீர் என்றால் சமையலறை அமிலத்துக்கு அவை மசியாது. அல்லது கறை போய்விட்டது, நீங்கள் பார்ப்பது தழும்பு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் காரத்தன்மை உள்ள படிவு ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகிக் கிடந்தால் கண்ணாடியில் இருக்கிற சோடியம் வெளியேறி, மேல்பரப்பே அரித்துப்போகும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற குழாய்க்கு நேர் கீழே வண்டி நிறுத்துகிற வீடுகளில் இதைப் பார்க்கலாம். மோட்டார் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்துவிட்டால், தினமும் அதே கண்ணாடியில் அதே இடத்தில் அபிஷேகம் நடக்கும். தென்னைக்கும் பூச்செடிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் போட்டிருக்கிற தோட்டங்களில் ஓரமாக நிற்கிற வண்டிக்கும் அதே கதி.

தழும்பை எடுக்க சீரியம் ஆக்ஸைடு என்ற பொடி இருக்கிறது. லென்ஸும் கண்ணாடியும் மெருகேற்றுகிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. அந்த சீரியம், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற மோனசைட்டிலும் உண்டு. பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் வட்டு மாட்டிய பாலிஷ் மெஷினில், மெதுவான வேகத்தில், காயவிடாமல் தேய்க்க வேண்டும். பக்கக் கண்ணாடி என்றால் நீங்களே முயலலாம். முன் கண்ணாடியை நல்ல டீட்டெய்லிங் ஆளிடம் கொடுப்பது உத்தமம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த லேமினேட்டட் கண்ணாடி அது. ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல் விடும். ஒரே இடத்தை அதிகம் தேய்த்தால் பள்ளமாகி, அதன் வழியே பார்க்கும்போது சாலை நெளியும். ஆழமான தழும்பு டிரைவர் பார்வைக்கு நேரே இருந்தால் கண்ணாடியை மாற்றுவதே சரி. பின்பக்கக் கண்ணாடியில் பள்ளிக்கூட வேன் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நாலு தழும்பு இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி.

மறுபடி வராமல் இருக்கத்தான் உண்மையான வேலை. போர் தண்ணீரை விட்டுவிட முடியாது. கழுவுவது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசியாகக் கண்ணாடியில் ஊற்றும் தண்ணீரும் காயும் விதமும்தான் கணக்கு. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் இருந்தால் ஒரு காரின் எல்லாக் கண்ணாடியையும் ஒற்றித் துடைத்துவிடலாம். ஏசி அவுட்லெட் குழாய்க்கு அடியில் ஒரு பக்கெட்டை வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டுகிற அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறக்குறைய கிடையாது. மழைத் தண்ணீரும் அப்படியே. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழ்நாடு சட்டம் போட்டபோது எல்லா வீட்டிலும் குழாய் மாட்டினோம். அந்தக் குழாய் இன்றைக்கு எங்கே போய் முடிகிறது என்று ஒரு தடவை பார்த்து, மாடி கழுவின முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் இரண்டு கேன் பிடித்து மூடி வைத்தால் வருஷம் ஓடும்.

ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதில் கார் கழுவுகிறவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம். நோக்கம் நல்லது, தண்ணீர்தான் தப்பு. வடிகட்டிய தண்ணீரில் இருந்து விலக்கிய அத்தனையும் அந்தக் கழிவுக்குள்தான் போகிறது. உள்ளே போன போர் தண்ணீரைவிட அது கடினம். டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தால் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது முழுக்கச் சுண்ணாம்பு இல்லை, சாதா உப்பும் சேர்ந்த கணக்கு அது என்றாலும் ஏற்றம் தெரியும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வையுங்கள், கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.

சர்வீஸ் கடைக்குப் போனால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "தம்பி, வண்டிய வெயில்ல காயப் போட வேணாம், கண்ணாடிய மட்டும் தொடச்சுக் குடுங்க." பங்குனி, சித்திரை வெயிலில் கடை வாசலைத் தாண்டுவதற்குள் துளி காய்ந்துவிடும். அங்கே நின்று துடைக்கிற ஐந்து நிமிஷம், பின்னால் வீட்டில் எலுமிச்சை உப்போடு நிற்கிற ஒரு காலைப் பொழுதை மிச்சம் பிடிக்கும்.

ஆயுத பூஜைக்கு ஊரே வண்டி கழுவும். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வெயிலில் வரிசையாக நிறுத்துவோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அதற்குப் பின்னால் ஐப்பசி மழை வந்துவிடும். மழையில் வைப்பர் ஓடத் தொடங்கினால் கண்ணாடியில் காய்ந்த கறையின் சொரசொரப்பு ரப்பரைத் தின்னும், ரப்பர் கிழிந்தால் பார்வை இன்னும் மோசம். எனவே இந்த வருஷம் ஐந்தாவதாக ஒரு எலுமிச்சம்பழம் வாங்குங்கள். பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி எல்லாம் தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, முன் கண்ணாடியில் டிரைவர் பக்கத்தை மட்டுமாவது பூஜைக்கு முந்தின நாள் முடித்துவிடுங்கள்.